சத்தத்துக்குப் பெரட்டு எடுத்த கிராணி

முதலில் ஒரு திருத்தம். போன மாதம் அம்பாங்கானில், என்னோடு முன்பு வேலை பார்த்தவரின் பட்டறைக்குச் சக்கரத்தின் சமன் பார்க்கும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வாழ்த்திப் பேசியவர், "ஜப்பான்காரன் காலத்தில், 1942-இல், வெறும் காதை வைத்தே டயருக்குள் இருந்த கோளாறைக் கண்டுபிடித்தவர் இவர்" என்று சொல்லி எனக்கு மாலை போட்டார். அதில் இரண்டு பிழைகள். ஆண்டு 1943. அப்போதைய எங்கள் ஆபீஸ் காகிதங்களில் ஜப்பான்காரர்களின் ஆண்டுக் கணக்குப்படி 2603 என்று இருக்கும். இரண்டாவது, கண்டுபிடித்தவன் நான் அல்ல. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத ஒரு கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அங்கேயே சொல்லியிருக்கலாம். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நான் தொழில் கற்ற ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு பத்தி போதும். 1936 முதல் 1941 முடிய, சிரம்பானில் ஒரு சீன முதலாளியின் பட்டறை. திட்டும் சோறும் தாராளம். சக்கரத்துச் சத்தங்களை ரகம் பிரிக்க அங்கேதான் கற்றேன். வண்டி வேகமாகும்போது தானும் வேகமாகும் டிக்டிக் என்றால் டயர்ப் பள்ளத்தில் கல் அல்லது ஆணி. வளைவில் மட்டும் கரகர என்றால் பேரிங். பிரேக்கை மிதித்தவுடன் மாறுகிற கிரீச் என்றால் பிரேக். புறப்படும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று என்று 'டக்' கேட்டால் நட்டு தளர்ந்திருக்கிறது, உடனே இறங்கிப் பார். இவ்வளவையும் தெரிந்துகொண்டு, இனி எந்த வண்டியும் என்னை ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்த வேளையில் சண்டை வந்தது. பட்டறை மூடப்பட்டது. லுக்குட்டுக்கும் சுவாவுக்கும் இடையில் என் அப்பா பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்து, பிழைத்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு.

வெள்ளைக்கார மானேஜர் விட்டுவிட்டுப் போன காரும் நான்கு லோரிகளும் தோட்டத்தில் இருந்தன. நிர்வாகம் ஜப்பான்காரர்கள் கைக்கு மாறியதும் அவற்றை ஓட வைக்க ஒரு கொட்டகை போட்டு, என்னைப் பிட்டராக வைத்தார்கள். அந்தக் காலத்தின் வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு எட்டிய வரை ரப்பர் மரம். ஒரு டயருக்கு வழி கிடையாது. பாலை வடிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள், அதை டயராக்கத் தெரிந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். ஆகவே கிழிந்த டயருக்கு இன்னொரு கிழிந்த டயரின் துண்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கினோம். டியூப் இல்லாத டயருக்குள் லாலான் புல்லைத் திணித்தோம். ஒவ்வொரு லோரியும் தனக்கென்று ஒரு மேளத்தோடு வரும். கண்ணை மூடிக்கொண்டே எந்த லோரி என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு மேலதிகாரியாக வந்தவர் செல்லையா கிராணி. யாழ்ப்பாணத்தார், முப்பது வயதிருக்கும். தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, எழுதிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரர்கள் நடத்திய நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் மொழி, வகுப்பில் முதலாவதாகத் தேறினார் என்பதற்காக வாகனங்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். முதல் நாள் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றவர், காரைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி ராசு, இதில எது முன்பக்கம் எண்டு எனக்குத் தெரியும். மிச்சம் எல்லாம் நீர்தான் சொல்லித்தர வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், மீசைக்குள் மறைத்துக்கொண்டார்.

தெரியாத வேலையை அவர் தனக்குத் தெரிந்த வேலையாக மாற்றிக்கொண்டார். பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றை எடுத்து, ஆள் பெயர் எழுதும் இடத்தில் சத்தத்தின் பெயரை எழுதினார். எந்த வண்டி, எந்தச் சக்கரம், எந்த இடம், யார் உட்கார்ந்திருந்தார்கள், மழையா வெயிலா என்று கட்டம் போட்டார். காலையில் ஆட்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப்போலச் சத்தங்களைக் கூப்பிடுவார். "கிரீச், ரெண்டாம் நம்பர் லொறி, வந்ததோ?" "வந்துச்சுங்க ஐயா." "டிக்டிக், நாலாம் நம்பர்?" "இன்னிக்கு வரலீங்க." வந்ததற்கு ஒரு கோடு, வராததற்கு ஒரு வட்டம். புகார் கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் சத்தத்தை வாயால் செய்துகாட்ட வேண்டும். அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். லோரி டிரைவர்கள் வரிசையாக நின்று கன்னத்தை உப்பிக் காட்டுவதைப் பார்க்க லயமே வந்துவிடும்.

நேரத்தையும் எழுதுவார், அது தோக்கியோ நேரம். பழைய கணக்குக்கு ஒன்றரை மணி முன்னால். நான் அந்தப் புத்தகத்தைப் பின்னாளில் படி எடுத்தபோது எல்லா நேரத்தையும் ஒன்றரை மணி குறைத்து எழுத வேண்டியிருந்தது.

அவருடைய போக்கை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன சம்பவம். மூன்றாம் நம்பர் லோரியின் முன்சக்கரத்தில் 'சரசர' என்று ஒரு சத்தம். சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினேன். உள்ளே கிழிந்த துணிப்பையும் இரண்டு கைப்பிடி அரிசியும். அரிசி கடத்துவது அப்போது உதை வாங்கும் குற்றம். டிரைவர் மரம்போல நின்றார். கிராணி எட்டிப் பார்த்தார், பென்சிலை நாக்கில் தொட்டார், 'காரணம்' என்ற கட்டத்தில் 'சிறு கல்' என்று எழுதினார்.

"அரிசியில கல் இருக்கிறது வழக்கம்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இனி பெரிய சம்பவத்துக்கு வருகிறேன். தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரியை ஆட்கள் 'யுக்குரித் துரை' என்பார்கள். யுக்குரி என்றால் அவர்கள் மொழியில் மெதுவாக. பெரட்டுக் களத்தில் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று இடுப்பு வரை குனிய, நடுவில் கார் ஊர்ந்து போக வேண்டும். அவர் பின் இருக்கையிலிருந்து "யுக்குரி, யுக்குரி" என்று சொல்லிக்கொண்டே வருவார். காரை ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். அவர் மனைவி அஞ்சலை அக்கா பால்மரம் வெட்டுபவர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

1943, மாசி மகம் கழிந்து சில நாட்களில் காரில் ஒரு சத்தம் வருவதாகத் துரை சொன்னார். கிராணி வழக்கம்போல முதுகை வளைத்து வணங்கி, அதை வாயால் செய்துகாட்டும்படி கேட்டார். துரை ஒரு கணம் முறைத்தார். பிறகு கையால் பின்சக்கரத்தைக் காட்டி, "கொரொகொரொ" என்றார்.

கிராணி எழுதிக்கொண்டார். கொரொகொரொ, பின்புறம், இடது.

"அவ்ளோதானே ஐயா" என்றேன். "நெஞ்சில சளி கட்டுனா கொறகொறங்கும்ல, அந்த மாதிரி. பேரிங் காஞ்சு போயிருக்கு."

முறைப்படி செய்தேன். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. கையால் சுழற்றி, திருப்புளியின் முனையை அச்சின் மேல் வைத்து மரப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன், உராய்வு இல்லை. இருந்தாலும் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் இல்லாத காலமாதலால் செம்பனை எண்ணெயும் சோப்பும் கலந்து பூசினேன். டயர்ப் பள்ளங்களைக் குச்சியால் நோண்டினேன். நட்டுகளை முடுக்கினேன். முனியாண்டி அண்ணனும் நானும் சுவா ரோட்டில் இருபது மைல் வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். பின்பக்கம் லேசான ஒரு உதறல். அந்த ரோட்டில் உதறாத வண்டி எது? சத்தம் என்று ஒன்றும் இல்லை.

மறுநாள் பெரட்டில் வந்தது. மீண்டும் கழற்றினேன். லுக்குட் வரை ஓட்டினோம். வரவில்லை. அடுத்த நாள் பால் நிறுக்கும் இடத்தில், ஆட்கள் குனிந்து நிற்கும்போது வந்தது.

மூன்றாம் முறைதான் விபரீதம். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள், ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை, நடுவில் துரையின் கார் "தொபுக்... தொபுக்..." என்று போகிறது. குனிந்த வரிசையில் எங்கோ ஒரு பெண் 'க்ளுக்' என்று சிரித்துவிட்டாள். யார் என்று எல்லோருக்கும் தெரியும், துரைக்கு மட்டும் தெரியாது.

காரை நிறுத்தினார். கிராணியை அழைத்தார். டிரைவர் வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்துகிறான் என்றார். அந்த மாதம்தான் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு, போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வராத அந்த வேலைக்கு, ஆள் கேட்டு முதல் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. முனியாண்டியின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றச் சொன்னார்; திங்கட்கிழமைப் பெரட்டுக்குள் சத்தம் நின்றால்தான் அது அடிபடும். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று வெள்ளி.

அஞ்சலை அக்கா பட்டறைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந் தம்பி, சிரம்பான்ல அஞ்சு வருசம் படிச்சேன் படிச்சேன்னு சொல்வியே, ஒரு சத்தத்தப் புடிக்கத் தெரியல?"

"நீங்க சிரிக்காம இருந்திருந்தா..."

"அது சிரிக்கிற மாதிரிதானே போச்சு லா! கர்ப்பிணி நடக்குற மாதிரி!"

சொல்லிவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு முறைதான்.

மறுநாள் சனிக்கிழமை, பகல் வகுப்பு முடிந்து கிராணி மழையில் நனைந்தபடி ஓடி வந்தார். ஓடும் கிராணியை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

"ராசு, பிழை என்னில! வகுப்பில இடி இடிச்சது. வாத்தியார் மேல கையைக் காட்டி கொரொகொரொ எண்டார். இடி உருளுறதுக்கு அந்தச் சொல்லாம். பெரிய கல் ஒண்டு உருண்டாலும் அதுதானாம். உராயிற சத்தம் இல்லையடாப்பா, உருளுற சத்தம்!"

நான் விழித்தேன். எங்கள் காதுக்குக் 'கொறகொற' என்று கேட்டதால் சளி பிடித்த பேரிங்கை இரண்டு முறை கழற்றியிருக்கிறேன். துரை முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் அவர் சொல்லைத் தமிழாகக் கேட்டோம்.

"உருளுறதுக்கு அங்க என்ன ஐயா இருக்கு? டயருக்குள்ள காத்துதான் இருக்கு."

அவர் புத்தகத்தை விரித்துப் பெரட்டு எடுக்க ஆரம்பித்தார். "பெரட்டுக் களம், வந்தது. பால் நிறுக்கிற இடம், வந்தது. ஆஸ்பத்திரி வாசல், வந்தது. சுவா ரோட்டு, வரேல்லை. லுக்குட் ரோட்டு, வரேல்லை."

எரிச்சலில் ஒரு கேலி வந்துவிட்டது. "ஆளுங்க குனியிற எடத்துல மட்டும் வருது ஐயா. சத்தத்துக்கும் மரியாத தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு முனியாண்டி அண்ணனைப் பார்த்தார்.

"சனம் குனியேக்க கார் என்ன வேகம்?"

"நடக்குற வேகங்க. அவருதான் யுக்குரி யுக்குரின்னு உசுர வாங்குவாரே."

"நீங்கள் ரெண்டு பேரும் சோதிச்சது?"

"இருவது மைலு."

கிராணி புத்தகத்தை மூடினார். "வாங்கோ. தள்ளுவம்."

ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகைக்குப் பின்னால் சமமான தரையில், எஞ்சினை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் காரைத் தள்ளினோம். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றில், இடது பின்சக்கரத்துக்குள், மெத்தென்று, தெளிவாக: தொபுக். இன்னும் தள்ளினோம். தொபுக். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறாக நின்றுகொண்டு கிராணி கைதட்டினார்.

விளக்கம் சுலபம். சக்கரத்துக்குள் ஏதோ ஒன்று உருண்டு ஏறி ஏறி விழுகிறது. நடை வேகத்தைத் தாண்டியதும் சுழற்சியே அதை வெளிச்சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். விழாது, சத்தமும் வராது. வாளி நீரைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் சிந்தாதல்லவா, அதுதான். ஐந்து ஆண்டு படித்த எனக்கு, வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்குத் தோன்றாது.

டயரைக் கழற்றி டியூபை வெளியே இழுத்தேன். உள்ளே ஏதோ கனமாக நழுவியது. டியூப் தங்கத்துக்குச் சமம். வால்வுக்குப் பக்கத்தில் சிறிதாகக் கீறி, பிதுக்கி எடுத்தேன். நல்ல மாதுளம்பழ அளவில் ஒரு ரப்பர் உருண்டை. வெள்ளையாக, ஈரமாக, புளித்த வாடையோடு.

முனியாண்டி அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் தம்பி. மாசி மகத்துக்கு மொத நாளு, சுவா கிட்ட முள்ளு குத்திருச்சு. ஒட்டுப் போட ஒண்ணும் கையில இல்ல. மரத்துல கோப்பை நெறையப் பால் இருந்துச்சு. எண்ணெக் கேனுல புடிச்சு, வால்வு வழியா ரெண்டு போத்தல் உள்ள விட்டேன். ஓட்ட அடைஞ்சுகிச்சு. காத்து நின்னுச்சு. கெட்டிக்காரன்னு நெனச்சேன்."

கெட்டிக்காரர்தான். ஓட்டை அடைபட்டிருந்தது. ஆனால் இரவெல்லாம் கார் நின்றபோது மிச்சப் பால் அடியில் தேங்கி உறைந்து, டியூபுக்குள் இருந்த பொடியால் சுவரில் ஒட்டாமல், கட்டியாகக் கழன்று உருண்டிருக்கிறது. பால்மரத்துக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. மரத்துப் பால் ராணுவச் சொத்து, தொட்டது திருட்டு. அதைத் துரையின் சக்கரத்துக்குள் ஊற்றியது நாசவேலை. சத்தத்தின் காரணத்தைச் சொன்னால் அண்ணன் சயாமைவிட மோசமான இடத்துக்குப் போவார். சொல்லாமல் விட்டுவிடுவோம், உருண்டையைத்தான் எடுத்துவிட்டோமே, சத்தம் நின்றுவிடுமே, அது போதாதா என்றேன். கிராணி மறுத்துத் தலையாட்டினார்.

"என்ன காரணம் எண்டு கேப்பார். சத்தம் நிண்டால் இன்னும் கூடக் கேப்பார், உவன்தான் செய்தவன், உவன்தான் நிப்பாட்டினவன் எண்டு."

புத்தகத்தைத் திருப்பி, மாசி மகத்துக்கு முதல் நாளின் பக்கத்தை எடுத்தார். கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அதில் எழுதினார்: 'மரப்பால் வைத்தியம், பரீட்சை. இடது பின்சக்கரம். என் உத்தரவு.' கையெழுத்தும் போட்டார்.

"ஐயா, உங்க தலை போயிரும்."

"என்ர தலைக்கு நிப்பொங்கோ தெரியும், ராசு. முனியாண்டியின்ர தலைக்குத் தெரியாது."

ஞாயிறு காலை துரை பட்டறைக்கு வந்தார். கிராணி உருண்டையை ஒரு தட்டில் துணி விரித்து வைத்து, இடுப்பு வரை குனிந்து, நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது 'கொரொகொரொ' மட்டும்தான். துரை உருண்டையை எடுத்தார். அமுக்கினார். முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு சிமெந்துத் தரையில் போட்டார். அது குதித்தது, ஒழுங்கான உருண்டை இல்லையாதலால் கோணலாகக் குதித்து, காருக்கு அடியில் ஓடிவிட்டது.

அதை எடுக்கத் துரை குனிந்தார். அவர் தலை எங்கள் தலையைவிடத் தாழக்கூடாது என்பது சட்டம். ஆகவே நாங்கள் மூவரும் இன்னும் கீழே குனிந்தோம். அவர் மண்டியிட்டார். நாங்கள் ஏறக்குறைய படுத்தேவிட்டோம். காருக்கு அடியில் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிலையில்தான் துரை சிரித்தார். உருண்டையைத் தரையில் உருட்டிவிட்டு "கொரொகொரொ" என்றார், ஒரு பொம்மையைப் பார்ப்பதுபோல.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டதும் பழைய முகம் வந்துவிட்டது. மற்ற வண்டிகளின் டியூபுகளையும் இப்படி அடைக்க முடியுமா, கட்டி விழாமல் என்று அவர் கேட்டதாகக் கிராணி பிறகு எங்களுக்குச் சொன்னார். முடியும் என்றார் கிராணி. கொஞ்சம் பால் விட்டு, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, உறையும் வரை கையால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே மெல்லிய தோலாகப் படியும். ஆனால் அதற்கென்று ஒரு ஆள் வேண்டும். கை பழகிய ஆள். கை பழகியவன் யார்? கிராணி முனியாண்டி அண்ணனைக் காட்டினார்.

துரை பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, முனியாண்டியின் பெயரைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்தார்.

"ஐயா, அப்படிச் சுத்துனா நெசமாவே படியுமா?" என்று துரை போனதும் கேட்டேன்.

"தெரியாது" என்றார் கிராணி. "படிய வேணும்."

படிந்தது. சரியாக நான்கு சோதனைக்குப் பிறகு, தோக்கியோ நேரம் மாலை ஐந்தரைக்கு. காற்று இரண்டு நாள் நிற்கும். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய காரியம்.

சயாமுக்கு ஆள் ஏற்றிப் போன லோரி அதற்குப் பின் வந்த வாரத்தில் புறப்பட்டது. முனியாண்டி அண்ணனின் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் எழுதப்பட்டதா என்று பின்னாளில் தேடியிருக்கிறேன். அந்தத் தாள் எனக்குக் கிடைக்கவில்லை. பகல் வெயிலில் பெரட்டுக் களத்தில் பெண்கள் அழும் சத்தம் பட்டறை வரை கேட்டது. அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தூக்கி நிறுத்திய சக்கரம் ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தார். லோரி லுக்குட் பக்கம் திரும்பி, அதன் டயர் மேளம் தேய்ந்து, கேட்காமல் போயிற்று. அவர் நிறுத்தவில்லை.

அஞ்சலை அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "பால் ஒறஞ்சு ரொம்ப நேரமாச்சுய்யா. இன்னும் என்னாத்துக்குச் சுத்துற?"

"கிராணி ஐயா நிறுத்தச் சொல்லலியே" என்றார் அண்ணன்.

கிராணி அங்கேதான் இருந்தார். மடியில் புத்தகம் விரிந்திருந்தது; பென்சில் கையில் இருந்தது. அவர் எதுவும் எழுதவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார்.